தாவரனுய் முகாம்: பிரெட்டுக்கு அடியில் ஒரு பாக்கெட்

போன கோடையில் ஒரு சனிக்கிழமை, நானும் மகள் இனியாவும் நாங்கள் குடியேறிய ஊருக்கு வடக்கே இருக்கும் தாவரனுய் கடற்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கக் கிளம்பினோம். மனைவி நர்ஸ், அந்த வாரக் கடைசியில் அவளுக்கு டியூட்டி. பன்னிரண்டு வயதுப் பெண்ணோடு நான் தனியாகப் போகும் முதல் பயணம். கூடாரம், அடுப்பு, டார்ச், கொசு மருந்து என்று எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். முன்னேற்பாடு பற்றிய என் பீற்றல் இந்த வலைப்பதிவைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

வீடு இருக்கும் பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து பத்து மணிக்குக் காரை எடுத்தோம். வழியில் வரும் ஆல்பனிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே பிரெட் வாங்க சூப்பர் மார்க்கெட்டில் நிறுத்தினோம். பாத்ரூம் போய்விட்டு வந்த இனியா சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா, பீரியட்ஸ் வந்துடுச்சு. பேக்ல டே பேட் மூணுதான் இருக்கு. நைட்டுக்கு வாங்கணும்."

இந்த விஷயமெல்லாம் எங்கள் வீட்டில் அவள் அம்மாவின் இலாகா. இனியா அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "விங்ஸ் வச்ச பேடா, பீரியட் அண்டர்வேரா? ஸ்லீப்பிங் பேக்ல படுக்கணும், ரைட்?" நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது, என்னோடு பாட்மிண்டன் ஆடும் யாழ்ப்பாணத்துச் சிவராசா அண்ணன் தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் திரும்பினார். கைக்குக் கிடைத்த பாக்கெட்டை உருவிக் கூடையில் போட்டு, அது தெரியாதபடி மேலே பிரெட்டை வைத்தேன்.

"என்ன தம்பி, கேம்பிங்கோ?"

"ஆமாண்ணே. சும்மா பிரெட் வாங்க வந்தோம்."

"ஓம், நல்லது. பிள்ளையோட சந்தோசமா போட்டு வாங்கோ. பிறகு கதைப்பம்."

அவர் போனதும் இனியா, "அப்பா, நான் இன்னும் பாத்து முடிக்கல" என்றாள். "எல்லாம் ஒண்ணுதான், வா" என்று கவுண்டருக்கு விறுவிறுவென நடந்தேன். காரில் ஏறியதும் அவள் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

மாட்டகானா தாண்டி, கடைசி சில கிலோமீட்டர் சரளைப் பாதை. ஆல்பனியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கடல் அப்படி ஒரு நீலம். ஆனால் இனியா தண்ணீரில் இறங்கவில்லை. கூடாரத்துக்குள் பாக்கெட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, நான் வாங்கியது மெல்லிய லைனர், இரவுக்கு உதவாது. திரும்பிப் போய் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "இட்ஸ் ஃபைன்" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். குழாயடியில் நடுங்கிக்கொண்டே ஸ்லீப்பிங் பேக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று சுருட்டினாள். "தண்ணி கொட்டிடுச்சுப்பா." முந்தைய நாள் பீரியட்ஸ் என்று குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்ன பெண்.

பெண் பிள்ளைகளோடு முகாம் போகும் அப்பாக்களுக்குச் சில விஷயங்கள். இரவுக்கு நீளமான, பின்பக்கம் அகலமான, இரு பக்கமும் மடித்து ஒட்டும் விங்ஸ் வைத்த பேட் வாங்குங்கள். உறிஞ்சும் துணி வைத்த பீரியட் அண்டர்வேர் இருந்தால் கசியும் பயமில்லாமல் புரண்டு படுக்கலாம். டாம்பான் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நீண்ட தூக்கத்துக்கு அது வேண்டாம். ஸ்லீப்பிங் பேக்குக்குள் ஒரு கறுப்புத் துண்டை விரியுங்கள். கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். முகாமில் குப்பைத் தொட்டி கிடையாது. உபயோகித்ததைத் திரும்பக் கொண்டுவர இறுக மூடும் பை எடுத்துப்போங்கள். எது வாங்குவது என்பதை அவளே முடிவு செய்யட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

இதில் பாதியை நான் தெரிந்துகொண்டது திரும்பும் வழியில், வார்க்வர்த் கடையில். "நீயே பாத்து எடும்மா, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி" என்றேன். நிதானமாகப் படித்து, எனக்கும் விளக்கி, நீளமான ஒன்றை எடுத்து, வீட்டுக்கு வாங்கிய பிரெட் இருந்த கூடையில் போட்டாள். கவுண்டருக்குப் போகையில் எதிரே யாரோ ஒருவர் வந்தார். எங்களுக்குத் தெரிந்தவர்கூட இல்லை. இனியா கூடையிலிருந்த பிரெட்டை எடுத்து, நான் வைத்த மாதிரியே, அந்தப் பாக்கெட்டின் மேல் வைத்தாள்.