கட்டம்மாவின் இனிக்காத சர்க்கரை

அந்த அம்மா இடது முன்கையை மேசைமேல் நீட்டி, பேனாவால் நான்கு கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று கட்டத்தில் மூன்று களிம்பு. நாலாவது வெறும் தோல். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு சின்னக் கருவியை ஒவ்வொன்றிலும் அழுத்தி, எங்கே எவ்வளவு ஈரம் நிற்கிறது என்று பார்ப்பார். தினமும் இதே கூத்து. கூட வேலை செய்பவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பேர், கட்டம்மா. அவருக்கும் தெரியும். "கல்யாணத்துக்குக்கூடக் கட்டத்தோடதான் போவேன். யாராவது கேட்டா, வீட்டுல காலண்டர் இல்லைன்னு சொல்லிடுவேன்."

களிம்பு செய்கிற சின்னக் கம்பெனி அது. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டை எஃகுத் தொட்டியில் வளர்த்து, அதன் மேலோட்டிலிருந்து வழவழப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுப்பது அவர் வேலை. பக்கத்தில் போனால் பேக்கரி வாசனை.

"இதுவும் சர்க்கரைதான் மேஸ்திரி. கண்ணி கண்ணியாக் கோத்த சர்க்கரை. தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். ஆனா இனிக்காது. எங்க வீட்டுக்காரர் மாதிரி, பேருதான்."

அந்த மேஸ்திரி நான்தான். அங்கே டைல்ஸ் பதிக்கப் போனவன். முப்பது வருடச் சிமெண்ட் என் கைரேகையைத் தின்றுவிட்டது. எங்கள் காண்ட்ராக்டர் வருகைப் பதிவுக்கு விரல் மெஷின் வைத்தார். என் விரலை மட்டும் அது ஏற்கவே இல்லை. மாதக் கடைசிக்குள் பதியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்றுவிட்டார். டீ டம்ளர் வாங்க நான் நீட்டிய கையைப் பார்த்து விசாரித்த கட்டம்மா, ஒரு டப்பா களிம்பு கொடுத்தார்.

பத்து நாள் பூசினேன். ஒன்றும் ஆகவில்லை. நேரே போய்க் கேட்டேன். "என்ன மேடம், பச்சத்தண்ணி தேச்ச மாதிரி இருக்கு?"

"எப்படிப் பூசறீங்க?"

"நல்லாக் கழுவி, தொடச்சு, காயவச்சு..."

தலையில் அடித்துக்கொண்டார். "காஞ்ச கையில அது எதைப் பிடிச்சு வைக்கும்? தளம் போட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஈரச் சாக்கு போட்டு மூடுவோம்."

"தளம் காஞ்சப்புறமா?"

என் தொழிலை வைத்தே என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை.

அன்றிலிருந்து ஈரக் கையிலேயே களிம்பு. கூடவே ஒரு சட்டம்: கையுறை இல்லையென்றால் டப்பா கிடையாது. "இது மருந்து இல்ல. ஈரத்தைக் காக்கும், அவ்வளவுதான். சிமெண்டத் தடுக்கறது உங்க பாடு." தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். என்னைப் பெற்றவள்கூட இப்படி மேய்த்ததில்லை.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. நம்பாமல் மூன்று தடவை வைத்தேன். "யோவ் மேஸ்திரி, ஒரு ஆளுக்கு மூணு வருகையா?" என்று வரிசை கத்தியது.

மூட்டை இறக்கிய தூசியோடு அவர் அறைக்குப் போனேன். நன்றி சொல்லிப் பழக்கமில்லை. "மேடம், ஏத்துக்கிச்சு" என்றேன்.

அவருடைய வெள்ளைக் கோட்டில் யார் கை பட்டாலும் அன்று முழுக்கத் திட்டு விழும். அந்தக் கோட்டின் ஓரத்தால் என் கட்டைவிரலைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்து, ரேகைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.