சப்பாத்து வரைக்கும் இறங்காத படம்

மழை ஈரத்தில் சூடாகிற பிளாஸ்டிக் வாசனை… எங்கேயாவது அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் பதுளையில் நான் வேலை செய்த அந்தக் கம்ப்யூட்டர் கடைதான் ஞாபகம் வரும்.

படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை அது. கொழும்பில் ஒரு சின்னக் கம்பனி, வெளியிலிருந்து வயரால் செருகுகிற ஹார்ட் டிஸ்க் பெட்டி ஒன்றைச் செய்திருந்தது. கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியை அடையாளம் காண ஒரு டிரைவர் புரோகிராம் வேண்டும். பதுளைக் கடையில் இருந்துகொண்டு, அது எல்லா மெஷினிலும் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் எனக்கும் ரமீஸுக்கும் வேலை. ரமீஸ் டவுனில் துணிக்கடைக்காரர் மகன். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

லேப் எல்லாம் கிடையாது. ஊர்தான் லேப்!

பெட்டியை ஷாப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு கடை கடையாக ஏறுவோம். பார்மசியில் விண்டோஸ் எக்ஸ்பி, டியூஷன் கிளாஸில் லினக்ஸ், செல்வம் அண்ணனின் ஸ்டூடியோவில் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. ஓரிடத்தில் சொன்னபடி கேட்கிற பெட்டி, அடுத்த கடையில் முரண்டு பிடிக்கும். எங்களுக்கு இருந்தது ஒரே சட்டம். டெஸ்ட் பண்ணுகிற பெட்டியில் உண்மையான சாமான் எதையும் வைக்கக் கூடாது.

செல்வம் அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. பாவம், அவருடைய கம்ப்யூட்டரில் இடமே இல்லை. எங்கள் பெட்டி காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும், தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் எடுத்த படங்களை அதற்கு மாற்றத் தொடங்கிவிட்டார். கேமரா கார்டை ஏற்கெனவே அழித்தாயிற்று. பாதியில் கரண்ட் போனது. ஸ்டூடியோ மெஷினும் அத்தோடு செத்தது.

பேய் மழை அன்றைக்கு. அதே சாயங்காலம்தான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கம், தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்தின் மேல் மண்மேடு சரிந்தது.

அடுத்த வாரம் செல்வம் அண்ணன் ஓர் அக்காவைக் கடைக்குக் கூட்டி வந்தார். பாக்கியம் அக்கா, கொழுந்து பறிக்கிறவர். அந்த மண்ணில் அவருடைய மகள் தர்ஷினி போய்விட்டாள். சின்னப் பிள்ளை. வீட்டிலிருந்த படங்களும் மண்ணுக்குள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். மிச்சம் இருந்தது திருவிழாவில் அண்ணன் எடுத்த ஒன்றுதான்… அது எங்கள் பெட்டியில்.

"காலுல புதுச் சப்பாத்து போட்டுக்கிட்டு நின்னா தம்பி. அடம்புடிச்சு வாங்குனது. அதுவும் தெரியிற மாதிரி எடுத்துக் குடுங்க" என்றார் அக்கா. செல்வம் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடை மெஷினில் செருகினோம். பெட்டி காலி, அழித்து ஃபார்மட் பண்ணவா என்று கேட்டது மெஷின். "யெஸ் அமுக்கிறாத மச்சான்" என்றான் ரமீஸ். அவன் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

டெஸ்டுக்குப் போன பழைய பாதையிலேயே நடந்தோம். ஒரு குடைக்குள் பெட்டியும் நானும், பின்னால் ரமீஸும் அண்ணனும் அக்காவும். பார்மசியிலும் அதே கேள்வி. கடைசியில் டியூஷன் கிளாஸ் லினக்ஸில், எங்கள் டிரைவர் ஒழுங்காக ஓடாது என்று நாங்களே தள்ளி வைத்த மெஷினில், படத்தின் பெயர் தெரிந்தது!

அப்போதெல்லாம் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். கோயில் தோரணம்… சிவப்பு ரிப்பன்… நெற்றி… சிரிக்கிற கண்… மூக்கு.

அத்தோடு நின்றுவிட்டது. கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

"கீழ வருங்களா தம்பி?"

ரமீஸ் எழுந்து வெளியே போய்விட்டான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இவ்வளவுதான் இருக்குக்கா."

அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார். "மண்ணுல இருந்து எடுக்கயில மூஞ்சியே தெரியலங்க. இப்ப கண்ணு தெரியுதே… ரிப்பன் நான் கட்டுனது."

சாம்பலை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போடலாம் என்றார் செல்வம் அண்ணன். அக்கா விடவில்லை.

"வெட்டாதீங்கண்ணே. சப்பாத்து அங்கனதான் இருக்கு."

அப்படியே பிரிண்ட் போட்டோம். அப்படியே மாலை போட்டார்கள். கொழும்புக்கு அனுப்பிய ரிப்போர்ட்டில் லினக்ஸுக்கு நேரே 'பாஸ்' என்று எழுதினான் ரமீஸ்.

இப்போது எதைச் செருகினாலும் தானாக ஓடுகிறது. டிரைவர் என்றால் என் மகளுக்கு ஸ்கூல் வேன் மாமாவை மட்டும்தான் தெரியும். என் போனில் அவள் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்று எடுத்ததும் திறந்து மேலிருந்து கீழே பார்ப்பேன். "பைத்தியமா உங்களுக்கு?" என்பாள் மனைவி.

இருக்கலாம்… சப்பாத்து தெரிந்த பிறகுதான் போனை மூடுவேன்.