மில்லில் கிடந்த வெள்ளைப் பொடி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. மதியம் 1:20. லேபில் எல்லோரும் 'புது மாப்ள' என்று கிண்டலடிக்கும் ஒருவனுக்கு நடந்தது. கதை விடுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்கிற கதையை எவனாவது இட்டுக்கட்டுவானா?

அவன் வேலை அரைப்பது. கல், மண், தாது எது வந்தாலும் மில்லின் இரும்புக் கிண்ணத்தில் போட்டு மாவாக அரைத்து, வில்லையாக அழுத்திக் கொடுப்பான். அதில் என்னென்ன இருக்கிறது என்று பக்கத்து அறைக் கருவி சொல்லும். ஒவ்வொரு முறை அரைத்த பிறகும் வெறும் மணலைப் போட்டு ஓட்டிக் கிண்ணத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன்பு ஒருநாள், ஈயத் தாதுவை அரைத்துவிட்டு, சோம்பேறித்தனத்தில் அதைச் செய்யாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

அடுத்து அதே மில்லில் அரைத்தவள், அவனோடு வேலை பார்த்த அக்கா. பள்ளிக்கூட மைதானத்து மண். சோதனை முடிவில் ஈயம் எகிறியது. பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடினார்கள். மறுபடி சோதித்தபோது மண்ணில் ஒரு குற்றமும் இல்லை. லேபின் பெயர் நாறியது.

"நான்தான் கிண்ணத்தைப் பார்க்காம அரைச்சுட்டேன்" என்றாள் அக்கா. வேலை போயிற்று. இவன் பக்கத்திலேயே நின்றான். வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவன்!

ஐந்து மாதம் கழித்து, பேய் வந்த அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இவன் மட்டும் கை கழுவிக்கொண்டிருந்தான்.

கடகடகட...

மில் ஓடியது. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

உள்ளே ஏதோ கெட்டியாக இருந்தது. சத்தத்திலேயே தெரிந்தது. மெல்ல மெல்ல அந்தச் சத்தம் மெத்தென்று ஆகி... நன்றாக அரைபட்டால் வருமே, அந்தச் சத்தம்.

1:23. நின்றது.

மூடியைத் திறந்தான்.

வெள்ளைப் பொடி...

யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் அதை வில்லையாக்கிக் கருவிக்குக் கொடுத்தான். கருவி பார்க்கும் அண்ணன் சிரித்தார்.

"என்ன மாப்ள, எலும்பையா அரைச்ச? கால்சியம், பாஸ்பரஸ்... வேற ஒண்ணும் பெருசா இல்ல."

இவனுக்கு ஏனோ அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஐந்து மாதமாகக் கூசிக் கூசித் தள்ளிப்போட்ட அவளுடைய போன் எண்ணை அழுத்தினான். அவள் கணவர் எடுத்தார்.

"அக்கா இருக்காங்களா?"

"அவ போயிட்டாப்பா. நேத்து மதியந்தான் எரிச்சுட்டு வந்தோம்."

"அன்னிக்கு... கிண்ணத்தைச் சுத்தம் பண்ணாம விட்டது நான்தான்..."

"தெரியும். அன்னிக்கே சொன்னா. 'கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகல, வேலை போனா என்ன பண்ணுவான்? அவனே ஒருநாள் போன் பண்ணிச் சொல்லுவான், விடுங்க'ன்னா. கடைசி வரைக்கும் போன் அடிச்சா போதும், 'அவனா பாருங்க'ம்பா."