தடிக்கழுத்தன் ராஜாவும் என் கடைவாய்ப் பல்லும்

எனக்குப் பெண் கொடுப்பதற்கில்லை என்று முதலில் சொன்னதற்குக் காரணம் ஒரு ரோமாபுரி ராஜா. அவன் செத்து இரண்டாயிரம் வருஷம் ஆகியிருக்கும்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சில்லறைக்குத் தட்டுப்பாடு. ஓட்டைக் காலணா வந்திருந்தது. எங்களுக்கு வல்லத்துப் பக்கம் கொஞ்சம் நிலம். வேர்க்கடலை போடுவோம், எங்கள் பேச்சில் மல்லாட்டை; கேப்பையும் போடுவோம். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவரின் பெண்ணை எனக்குப் பேசினார்கள்.

மண்டிக்காரருக்குப் பழங்காசுப் பைத்தியம். கடற்கரைப் பக்கம் ஏர் ஓட்டும்போது சில சமயம் பானை தட்டுப்படும். உள்ளே ரோமாபுரிக் காசு இருக்கும். அந்த நாளில் கப்பலில் வந்து மிளகும் துணியும் வாங்கிப் போனார்களாம். கண்டெடுத்தவன் தட்டானிடம் போனால் தட்டான் உருக்கிவிடுவான். இவர் தட்டானை முந்திக்கொள்வார். ஓட்டைக் காலணாவை மட்டும் காசு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். அதில் ராஜா தலை இல்லையாம்.

இவருக்கு ஒரு கூட்டாளி. விழுப்புரம் ஜங்ஷனில் குட்ஷெட் கிளார்க்கு. அவருக்கும் இதே வியாதி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரயில் ஏறித் திண்டிவனம் வந்துவிடுவார். இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து ராஜாக்களின் கதையைச் சொல்வார். பிறகு இரண்டு பேரும் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, காசில் இருக்கும் மூஞ்சியை வைத்து அவனவன் குணத்தைச் சொல்லிச் சண்டை போடுவார்கள்.

ராஜாக்களின் பெயர்கள் வாயில் நுழையாது. அதனால் மண்டிக்காரரே பெயர் வைத்திருந்தார். ஒருவன் உம்மணாமூஞ்சி. யாரோடும் பேசப் பிடிக்காமல் தீவில் போய் உட்கார்ந்துகொண்டவன். இன்னொருவன் மைனர். கிழவனாகிச் செத்தான், ஆனால் காசில் கடைசிவரை இளவட்டம். தடிக்கழுத்தன் பெற்ற தாயைக் கொன்றுவிட்டுப் பாட்டுக் கச்சேரி செய்தவன். குடியானவன் என்று ஒருவன் உண்டு. நெற்றியெல்லாம் கோடு, உழவன் முகம். மூத்திரத்துக்கு வரி போட்டானாம். மற்றபடி நல்லவன்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. பெண் பார்க்கப் போகும்போது தெரிந்தது பல்வலி ஒன்றுதான்.

வலது கடைவாய்ப் பல். இரண்டு நாளாக வீக்கம். தாடை இறங்கிக் கழுத்தோடு ஒன்றாகிவிட்டது. நாள் குறித்தாயிற்று, மாற்ற முடியாது என்றார் அப்பா. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் திறக்க வேண்டும்.

போய் உட்கார்ந்தோம். கிளார்க்கும் இருந்தார். மண்டிக்காரர் என் ஊரைக் கேட்கவில்லை, நிலத்தைக் கேட்கவில்லை.

"இப்படிக்கா திரும்புங்க தம்பி. ஜன்னலப் பாத்து."

திரும்பினேன். ரோமாபுரி ராஜாக்கள் முக்கால்வாசிப் பேர் காசில் ஒரே பக்கம்தான் திரும்பியிருப்பார்கள். பார்க்கிறவருக்குத் தெரிவது வலது கன்னம். அதனால் மாப்பிள்ளையையும் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள். வீங்கின பக்கம்.

மண்டிக்காரர் இடுப்புப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து என் காதுப் பக்கம் பிடித்தார்.

"யோவ் குட்ஷெட்டு, கழுத்தப் பாரு. அவனேதான்."

"யாரு, தடிக்கழுத்தனா? ஒனக்குக் கண்ணு பூத்துப் போச்சுய்யா மண்டி. நெத்தியப் பாரு. குடியானவன்யா இது."

"குடியானவனுக்கு இந்தத் தாடை ஏதுய்யா?"

"வெயில்ல நிக்கிறவன் தாடை அப்படித்தான்யா இருக்கும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

பெண் முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான். எனக்குப் பிடித்துப்போயிற்று. வேறு இடம் பார்க்க வேண்டியதில்லை என்று அப்போதே தோன்றிவிட்டது.

முறுக்கை நான் தொடவில்லை. தொட்டால் உயிர் போகும்.

"பாத்தியா?" என்றார் மண்டிக்காரர், கிளார்க்கின் காதில். எல்லாருக்கும் கேட்டது. "தடிக்கழுத்தன் பந்தியில வெஷம் வச்சவன். வெஷம் வைக்கிறவன் அடுத்தவன் ஊட்ல கை நனைக்க மாட்டான்."

"பேச்சே காணமேய்யா. அதுக்கு இன்னா சொல்ற?"

"அது உம்மணாமூஞ்சி கலப்பு."

மறுவாரம் ஆள் வந்தது. பெண் கொடுப்பதற்கில்லை. அம்மா அன்று முழுக்க ராஜாவைத் திட்டினாள். எந்த ராஜா என்று அவளுக்குத் தெரியாது.

சந்தைக்குப் பல் பிடுங்குகிறவன் வந்தான். அவன் மகன் தலையைப் பிடித்துக்கொண்டான், அவன் பிடுங்கினான். வீக்கம் வடிந்தது.

அறுவடை ஆனது. எப்போதும் செஞ்சிக்குத்தான் மூட்டை போகும். அந்த வருஷம் வண்டியைத் திண்டிவனத்துக்கு ஓட்டினேன். வேண்டுமென்றே போனாயா என்றால், ஆமாம்.

மண்டி வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். தெருவைப் பார்த்தபடி. எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும்.

மண்டிக்காரர் மல்லாட்டையை ஒரு கை அள்ளினார். காதோரம் குலுக்கினார். அப்படியே என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"வல்லத்துப் பக்கம்."

"கல்யாணம் ஆச்சா?"

"இல்லிங்க."

"குடியானவன்... அச்சு அசலு" என்று தனக்குள் முனகினார். முதல் தடவை அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத்தான் பார்த்தார். அன்றைக்கு இரவல் கோட்டும் தலைப்பாகையும் வேறு. இன்றைக்கு வெறும் மேல்.

"நாளைக்கு ஊட்டாண்ட வர்றேன். அப்பாகிட்ட சொல்லு."

சொன்னேன். யார் வருகிறார் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் வண்டியிலிருந்து இறங்கினார். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு. அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னாங்க அண்ணே, எம்புள்ள கழுத்து இப்பத்தான் ஒங்களுக்குப் புடிச்சிதா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னைச் சுற்றி வலது பக்கம் வந்து, அன்று வீங்கியிருந்த தாடையை உற்றுப் பார்த்தார்.

"பல்லா?"

"பல்லுதாங்க."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கலிங்க."

காசு சேர்க்கிறவனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. ஒரு ராஜாவை இன்னொரு ராஜா என்று சொல்லிவிடுவது. அதிலும் குட்ஷெட்டு சொன்னது சரியாகப் போய்விட்டது. அது தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேஜாருதான். மனுஷன் தாம்பாளத்தை வண்டிப் பக்கம் திருப்பினார்.

எனக்குப் பேச வரவில்லை. பல்வலியும் இல்லை, ஆனாலும் வரவில்லை.

அம்மாவுக்கு வந்தது.

"போறதுன்னா ஜல்தி போங்க அண்ணே. செஞ்சியிலேர்ந்து ஒரு எடம் வந்துக்கினு இருக்குது."

எந்த இடமும் வரவில்லை. அப்பா இருமினார்.

மண்டிக்காரர் நின்றார். நல்ல காசு ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. கையில் வாங்காமல் விட்டுப் போனால் பின்னால் வருகிறவன் கொண்டுபோய்விடுவான். அந்த நினைப்பு அவருக்குத் தாங்காது. திரும்பி வந்தார்.

"குட்ஷெட்டுக்குத் தெரியக் கூடாது."

"சரிங்க."

தாம்பாளம் கை மாறியது.

கல்யாணம் பெண் வீட்டில். கிளார்க்கு விழுப்புரத்திலிருந்து குடும்பத்தோடு வந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"யோவ் மண்டி, நான் அன்னிக்குச் சொன்ன பையன்தானே?"

"அவன் இல்லய்யா. இது அவன் தம்பி."

எனக்கு அண்ணனே கிடையாது.

தனியாகப் பேச நேரம் கிடைத்ததும் என் மனைவியிடம் கேட்டேன். அன்றைக்கு முறுக்கு வைத்தபோதே பல்வலி என்று தெரியுமா?

"தெரியாம என்ன? காப்பிய ஒரு பக்கமாவே சாய்ச்சி ஊத்திக்கினத கதவாண்ட நின்னு பாத்தனே."

"அப்பாவாண்ட சொல்லியிருக்கலாமே."

"வீங்கின மூஞ்சியப் பாத்து எப்படிங்க சரின்னு சொல்றது? வடியட்டும், பாக்கலாம்னு இருந்தேன்."

"வேற எடம் முடிஞ்சிருந்தா?"

"முடிஞ்சிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றாள். சிரிக்கவும் இல்லை.

கிளார்க்கு எங்களை எங்கே பார்த்தாலும் அண்ணனை விசாரிப்பார். அண்ணனுக்கு இடம் அமைந்ததா, அண்ணன் எப்படி இருக்கிறார். நான் "இருக்காருங்க" என்பேன். ஒரு தீபாவளிக்கு மாமனார் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவர் மறுபடி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்:

"அவரு பட்டாளத்துல சேந்துட்டாரு மாமா. வடக்கே எங்கியோ இருக்காராம்."

கிளார்க்கின் முகம் வாடிவிட்டது. கையிலிருந்த அதிரசத்தைத் தட்டில் வைத்தார்.

"தங்கமான பையன்யா மண்டி. குடியானவன் மாதிரி. நான் அன்னிக்கே சொன்னேன். நீதான் கேக்கல. பாவம், பொண்ணு கெடைக்காம பட்டாளத்துக்குப் போயிட்டான். சொல்லு, நான் சொன்னது சரியா தப்பா?"

மாமனார் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்தேன்.

"சரிதான்யா" என்றார் மாமனார்.