அரியலூரில் மக்ரோனி விற்ற கதை

சாப்பாட்டுக் கடைக்காரன் பசியோடு வருகிறவனைச் சமாளித்துவிடலாம். வீட்டுச் சாப்பாட்டை மனசில் வைத்துக்கொண்டு வருகிறவனைச் சமாளிக்க முடியாது. கடை வைத்து நொந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இனிமேல் வைக்கப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம். அரியலூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்து, பிறகு மூட்டைக்கு விலை பேசிப் பிழைத்து, ஒருவழியாகச் சொந்தமாக ஒரு ஓட்டல் போடலாம் என்று இடம் பிடித்திருந்தேன். அரிசிக்கு ரேஷன் காலம். புதுக் கடைக்கு அரிசி கிடையாது என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தோடு திருச்சிக்குப் போனேன். பட்டாளத்துச் சாமான்களை அங்கே ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டி பெட்டியாக மக்ரோனி, கூடவே தகர டப்பாவில் தக்காளிக் கூழ். கேட்பாரில்லை. நான் கேட்டேன். ஏலக்காரன் வாய் வலித்து "எடுத்துட்டுப் போய்யா" என்று சொல்லும்வரை கேட்டேன்.

சமைக்க ஆள் வேண்டுமே? சூசை கிடைத்தான். இத்தாலிச் சண்டையில் நம் பட்டாளத்துக்குச் சமைத்தவன். மக்ரோனியை அந்த ஊர்ப் பெண்களிடமே கற்றுக்கொண்டதாகச் சொன்னான். 'இத்தாலி ஓட்டல்' என்று பலகை எழுதி மாட்டினோம். கட்டடத்துக்காரர் உடையார்பாளையம் பக்கத்து மிராசுதார். மருமகனுக்கு அதே இடத்தில் ஜவுளிக்கடை வைத்துக் கொடுக்க அவருக்கு ஆசை. "தை பொறக்குறதுக்குள்ள கடையில ஆள் உக்காரணும். இல்லேன்னா மார்கழி கடைசியில வந்து சாவிய வாங்கிக்கிறேன்" என்றார். சரி என்றேன். எனக்கு வேறு வழி இருந்ததா, நீங்களே சொல்லுங்கள்.

முதல் போணி

முதலில் வந்தவர் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா. பழைய பழக்கம், போணி பண்ணட்டும் என்று நானே கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். வாழை இலையில் மக்ரோனியைப் போட்டு, மேலே தக்காளியும் கறியும் கலந்த குழம்பை ஊற்றினான் சூசை. இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்கு ஒன்றைத் தனியாக எடுத்து, துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் அவருக்குத் தெரிந்திருப்பேன்.

மூட்டையில் கல்லும் மண்ணும் கலந்திருந்தால் கண்டுபிடிக்கிற வேலை அவருக்கு. கை கழுவிவிட்டு வந்து, வேலை பார்க்கும்போது பேசுகிற அதே குரலில் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த ஓட்டைக்கும் சேர்த்தா காசு வாங்குற?"

பதம்

பெரம்பலூரிலிருந்து கடலைக்காய் கமிஷன் வியாபாரி ஒரு ராவுத்தர் வாரா வாரம் ரயிலுக்கு வருவார். நல்ல மனிதர், நாலு பேரைக் கூட்டி வரக்கூடியவர். ஆடு யார் அறுத்தது என்று கேட்டார். பள்ளிவாசல் தெருக் கடையில் வாங்கியது என்றதும் நிம்மதியாக உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, வேகலையே."

சூசை உள்ளேயிருந்து கரண்டியோடு வந்துவிட்டான். பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும், அதுதான் அந்த ஊர்ப் பதம், குழைந்தால் அங்கே பன்றிக்குப் போடுவார்கள் என்று நின்றுகொண்டு பிரசங்கம் பண்ணினான். அந்தப் பிராணியின் பெயரை ராவுத்தரிடம் எடுத்தால் எனக்கு எப்படி இருக்கும்? அவனைப் பிடித்து உள்ளே தள்ளினேன். ராவுத்தர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் கொடுமை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு பொறுமையாகச் சொன்னார்: "இன்ஷா அல்லா, வெந்ததும் சொல்லி அனுப்புங்க. நான் வூட்லதான் இருப்பேன்."

குழைவு

அன்று எனக்கும் சூசைக்கும் அடுப்படியில் பெரிய சண்டை. மறுநாள் அடுப்பில் நானே நின்றேன். சோற்றுப் பதம் என்ன என்று எனக்கா தெரியாது? நசுக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வேகவிட்டேன். சந்தைக்கு மிளகாய் கொண்டுவந்த பூலாம்பாடி அம்மாள் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். விரலை உள்ளே விட்டாள். விரலோடு சேர்ந்து இலையும் தூக்கிக்கொண்டு வந்தது.

சூசை கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தான். அந்த அம்மாள் விரலை இலையில் வழித்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி, எதிர்ச் சுவத்துல சினிமா நோட்டீசு ஒட்டுறாங்க பாரு, அவங்களுக்குக் குடு. நாலு மழைக்கு நிக்கும்."

விசாரணை

கார்த்திகையில் ஒரு கல்யாண கோஷ்டி ரயிலுக்குக் காத்திருந்தது. பட்டு, சரிகை, வெற்றிலைப் பெட்டி. மிராசுதாருக்கு உறவுக்காரர்கள். இவர்கள் திருப்தியாகச் சாப்பிட்டுப் போய் நாலு நல்ல வார்த்தை சொன்னால் என் இடம் நிலைத்துவிடும். வாசலுக்கே போய்க் கும்பிட்டு அழைத்து வந்தேன். அன்று பதமும் சரியாக அமைந்திருந்தது.

இலையில் பரிமாறின பிறகு அவர்களில் பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டே கேட்டார், "சமையல் யாரு?"

"பட்டாளத்துக்காரருங்க. இத்தாலி வரைக்கும் போய்வந்தவரு."

"அது சரி. பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னாடி யாரு?"

கேள்வி எதற்கென்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சூசை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் உச்சிக்கு ஏறிவிட்டது. ஒவ்வொரு இலையாக நானே மடித்து எடுத்தேன். "ரயில் வந்துடும், கிளம்புங்க" என்றேன். விஷயம் மிராசுதார் காதுக்கு அவர்கள் ஊர் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே போய்விட்டது. சாவி கொடுக்கத் தயாராக இருக்கும்படி ஆள் அனுப்பிவிட்டார். சூசை அந்த இலைகளை நாய்க்குப் போட்டுவிட்டு வந்து, அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னான்: "குண்டு விழுறப்ப ஒருத்தனும் இதைக் கேட்டதில்லண்ணே, தட்டைத்தான் நீட்டுனான்."

எழுந்திருக்காத ஆள்

மார்கழி. கடலைக்காய் வண்டிகள் ஸ்டேஷனுக்கு வரத் தொடங்கின. ரஞ்சன்குடி வண்டிக்காரர் பெரியண்ணன் இரண்டு கூட்டாளிகளோடு வந்தார். போட்டதை எல்லாம் சாப்பிட்டார், குறை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. கை காய்கிறது, ஆள் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கூட்டாளிகளும் அப்படியே.

"என்னங்க வேணும்?" என்றேன்.

"குழம்பு ஆச்சு. ரசம் வரலையே."

"இது இத்தாலிச் சாப்பாடுங்க. ரசம் கிடையாது. ஒரே குழம்புதான்."

பெரியண்ணன் நம்பவில்லை. "அப்புறம் அவங்க எப்படி இலையை விட்டு எந்திரிப்பாங்க?"

எனக்குப் பொறுமை அவ்வளவுதான். எனக்கும் சூசைக்கும் கம்மஞ்சோற்றுக்கு வைத்திருந்த ரசத்தைச் சட்டியோடு தூக்கி வந்தேன். இன்னொரு கரண்டி மக்ரோனியை இலையில் போட்டு, "இந்தாய்யா ரசம், எந்திரி" என்று ஊற்றினேன். மனுஷன் கோபத்தைக் கவனிக்கவே இல்லை. இலையோரத்தை மடக்கி அணை கட்டி, பிசைந்து, உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார். ஓட்டைக்குள் ரசம் ஏறி நிற்கிறது என்று கூட்டாளிகளுக்கு விளக்கம் வேறு. "மோரு?" என்றார். ஓடினேன், பக்கத்து வீட்டில் வாங்கி வந்து ஊற்றினேன். ஊறுகாயும் கேட்டார், அதையும் வைத்தேன்.

சூசை தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, இத்தாலிக்காரன் பார்த்தா சண்டைக்கு வருவான்."

பெரியண்ணன் விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "அவன்தான் சண்டையில தோத்துட்டானேப்பா."

சாவி

மறுநாளிலிருந்து குழம்பு, ரசம், மோர் என்று முறை வைத்தேன். குழம்புக்குச் சூசையின் பதம், மோருக்கு என் பதம். இரண்டு சட்டி, அதனால் சண்டையும் இல்லை. ரஞ்சன்குடி வண்டிகள் சொல்லி வேறு வண்டிகள் வந்தன. ஆனாலும் மிராசுதார் சொன்னது சொன்னதுதான். மார்கழி கடைசியில் மருமகனையும், சுவரை அளக்க ஒரு தச்சனையும் கூட்டிக்கொண்டு உச்சிவேளையில் வந்து நின்றார். உள்ளே வண்டிக்காரர்கள் பந்தியில் இருந்தார்கள்.

"கூட்டம் சேர்ந்திருக்குங்களே ஐயா" என்றேன்.

"உறவுக்காரங்க இலையை எடுத்தவனுக்கு இடம் இல்ல. சாவியக் குடு."

"குடுக்குறேங்க. இலையில உக்காந்தவங்க எந்திரிக்கட்டும்."

சாப்பிடுகிறவனைப் பாதியில் எழுப்பின பாவம் எந்த மிராசுதாருக்கும் வேண்டாம். தூணோரம் நின்றார். நான் அடுப்படிக்குப் போய்ச் சூசையிடம் சொன்னேன், ஒருத்தன் மோருக்கு வருவதற்குள் பக்கத்து இலையில் இன்னொருத்தனுக்குக் குழம்பு விழுந்திருக்க வேண்டும் என்று. வாசலில் நின்று வண்டிகளை நானே கைகாட்டி நிறுத்தினேன். "அண்ணே, மாட்டை அவுத்துட்டு வாங்க, இலை போட்டாச்சு." ஒரு வரிசை எழுவதற்குள் மறு வரிசை உட்கார்ந்தது. காலி இலை என்பதே கண்ணில் படவில்லை. தச்சன் அளவுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு அவனே ஒரு இலையில் உட்கார்ந்துவிட்டான். மருமகன் ரயிலுக்கு நேரமாச்சு என்று நழுவினார்.

வெயில் சாய்ந்தது. ரசம் கொதிக்கிற வாசனை வந்துகொண்டே இருந்தது. மிராசுதார் காலை மாற்றி மாற்றி நின்று பார்த்தார். கடைசியில் நான் உள் அறையில் பாய் விரித்து, தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு விலகி நின்றேன். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். சூசைதான் பரிமாறினான். அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை, கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு முடிந்தது, ரசம் முடிந்தது, மோரும் முடிந்தது. சாவிக்கொத்து என் இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். என் பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டினார்.

"மோரு தண்ணியா இருக்கு. நாளைக்குக் கெட்டியா ஊத்து."

எங்கள் ஊர் வாயை மாற்ற இத்தாலியிலிருந்து வந்த சாப்பாட்டை ஊர் தன் வாய்க்கு மாற்றிக்கொண்டது, நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கியதுதான் நான் செய்த வியாபாரம்.