மதினியின் சுவர்

மூன்று அங்குல ஆணி அது. தலை கொஞ்சம் நசுங்கியது. காலண்டர் மாட்டுவதற்காக அம்மிக்குழவியால் மதினி அதைச் சுவரில் அடித்தாள். கடைசி அடி விழுந்ததுமே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: “ஏ புதுப்பொண்ணு, ஒன் ஆணி எங்க வீட்டுக்குள்ள வந்து எட்டிப் பாக்குது!”

அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினி எங்கள் லயத்துக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தேவிகுளத்துக்குக் கீழே தேயிலைச் சரிவில், ஒரே தகரக் கூரையின் அடியில் பத்து வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகை போல மெலிந்த ஒரே ஒரு மண்சுவர். ஒரு வீட்டு இருமல் இரண்டு வீடுகளுக்குச் சொந்தம். ஒரு வீட்டுச் சண்டை நான்கு வீடுகளுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு அப்போது பதினாறு வயது. ஓடிப்போய் அந்தப் பக்கம் பார்த்தேன். சுவரைப் பிளந்துகொண்டு அரை அங்குலக் கூர்முனை வெளியே நின்றது. அடுத்த வீட்டு அக்கா அதற்குள் தன் சீப்புப் பையை அதில் மாட்டியே விட்டிருந்தாள். “புடுங்கிறாதீங்கப்பா, இருக்கட்டும். எனக்குன்னு யாரு வந்து ஆணி அடிச்சுத் தரப் போறா?” என்றாள். லயமே சிரித்தது. மதினியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் நாள் கண்டக்டர் வந்தார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் அவருக்கு லயத்தையும் மேற்பார்க்கும் அதிகாரம் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இத்தனை வருஷம் அது நினைவில் நின்றிருக்காது. காலண்டரைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், வெற்றிலை போட்ட வாயால் நிதானமாகச் சொன்னார்: “காலண்டரு ஒன்னோடது. செவுரு கம்பெனியோடது. காலண்டரக் கையில வச்சுப் பாரு.” அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை, வீட்டுக்கொரு ஆணி அடித்தால் அந்த மண்சுவர் ஒரு மழைக்குத் தாங்காது. ஆனால் நியாயத்தைச் சொல்வதற்கும் ஒரு குரல் உண்டு. அன்று அரிவாள்மனை நுனியால் நெம்பி ஆணியை எடுத்து, மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துத் துளையை அடைத்தபோது மதினியின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆணி எங்கே போனது என்று தெரியாது. நான் கேட்கவுமில்லை.

அதன்பிறகு முப்பத்தெட்டு வருஷம். சொல்லும்போது எவ்வளவு சுருக்கமாக இருக்கிறது! இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக்கொண்டு, பனியிலும் சாரலிலும், அட்டைக் கடியிலும் மதினி கொழுந்து பறித்த வருஷங்கள் அவை. அண்ணன் ஃபாக்டரியில் இயந்திரங்களுக்கு நடுவே நின்று நின்று காதைப் பாதி அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். இடையில் எப்போதோ அந்த வீட்டுக்கு ஒரு டிவியும் வந்தது. முதுகு புடைத்த பழைய பெட்டி டிவி. சுவரில் அலமாரி அடிக்க முடியாது, தரையில் பாய் விரித்தது போக இடம் கிடையாது. அதனால் அதைத் தகரப் பெட்டியின் மேல் ஏற்றினார்கள். வீட்டின் முக்கியமானதெல்லாம் அந்தத் தகரப் பெட்டிக்குள்தான். “ரேஷன் கார்டு எடுக்கணும்னா மொதல்ல செய்தி வாசிக்கிறவர எறக்கி வைக்கணும்,” என்பாள் மதினி. அண்ணனுக்குக் கேட்கும்படி சத்தம் வைத்தால் மூன்றாவது வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். குறைத்து வைத்தால் அண்ணன், “அவன் என்ன சொன்னான், அவன் என்ன சொன்னான்” என்று கேட்டுக்கொண்டே இருப்பான். மதினி படத்தைப் பார்த்துக்கொண்டே அண்ணன் காதில் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் முழுதாகப் பார்த்த படம் ஒன்றுகூட இருக்காது என்று நினைக்கிறேன்.

போடிமெட்டுக்குக் கேரளப் பக்கம், ஏலத்தோட்டங்களின் விளிம்பில், ஐந்து சென்ட் இடம் வாங்கி அவர்கள் கட்டிய வீட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பட்டயம் என்கிற நிலப் பட்டாவுக்காக வில்லேஜ் ஆபீசுக்கு அவள் ஏறி இறங்கிய கதையை மட்டுமே ஒரு புத்தகமாக்கலாம். தாலுக்கா ஆபீசில் கிளார்க்காக இருக்கும் எனக்கே அந்தக் காகிதங்களின் நடை புரியவில்லை, அவளுக்குப் புரிந்தது. ஒரு வருஷம் அஸ்திவாரம், ஒரு வருஷம் சுவர், ஒரு வருஷம் கூரை. ஒரு செடி வளர்கிற வேகத்தில் வளர்ந்த வீடு. கடைசியாகப் போன வருஷம் தரைக்கு டைல்ஸ். இந்த வருஷம் மதினிக்கும் வேலை முடிந்தது. லயத்து வீட்டைக் காலிசெய்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வந்த முதல் வாரமே மதினி என்னைக் கூப்பிட்டாள்: “கொழுந்தனாரே, ஒரு டிவி வாங்கணும். போடிக்கு வாங்க.”

தேனிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் போனில் தடுத்துப் பார்த்தாள். இப்போதெல்லாம் யார் டிவி பார்க்கிறார்கள், எல்லாம் போனிலேயே வருகிறதே என்றாள். “போனக் கையில வச்சுப் பாக்கணும். நான் கையில வச்சுப் பாத்ததெல்லாம் போதும்,” என்றாள் மதினி. மகளுக்கு அது விளங்கியிருக்காது. எனக்குச் சுருக்கென்றது.

போடிக் கடையில் வரிசையாக முப்பது டிவிகளில் முப்பது கடல்கள் அலையடித்துக்கொண்டிருந்தன. மதினி ஒரு கடலையும் பார்க்கவில்லை. “சுவத்துல மாட்டுற இரும்பு எது? அத எடுங்க மொதல்ல,” என்றாள். கடைக்காரர் பிராக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். கொழுந்து மூட்டையைத் தராசில் வைக்கும் முன்பே எடை சொல்லிவிடும் கை அது. இரும்பு பிடித்திருந்தது. அப்புறம்தான் டிவி. நாற்பத்து மூன்று இஞ்ச். கடைக்காரர் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்: வண்டியில் படுக்கப் போடக் கூடாது, நிறுத்தியே கொண்டுபோக வேண்டும்.

அதை மதினி வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஜீப்பின் பின்னால், பெட்டியை நடுவில் நிறுத்தி, தான் ஒரு பக்கம், நான் மறு பக்கம். மலை ஏற ஏறச் சாரல் தொடங்கியது. அவள் பையிலிருந்து தன் பழைய படுதாவை எடுத்தாள். இத்தனை வருஷம் தன் இடுப்பை நனையாமல் காத்த அந்தப் பிளாஸ்டிக் சீலையை டிவிப் பெட்டிக்குச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டினாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பெட்டி என்மேல் சாய்ந்தது, பிறகு அவள்மேல் சாய்ந்தது. “நிமிந்து உக்காரும்மா,” என்று அதனிடம் சொன்னாள். போடிமெட்டுச் செக்போஸ்டில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, “எந்தா இது?” என்றார். “டிவிங்க சார்,” என்றேன் நான். மதினிக்கு அது போதவில்லை. “சுவத்துல மாட்டுறது,” என்று திருத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் டிவி மாட்டும் மெக்கானிக் வந்தார். நெடுங்கண்டத்துக்காரர், மலையாளி, தலை நரைத்த நிதானமான மனிதர். முன்னறையில் ஜன்னலுக்கு வலப்பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். டொப். ஓரடி தள்ளித் தட்டினார். டொப். மேலே தட்டினார், கீழே தட்டினார். எங்கும் காலித் தகரம் போலொரு சத்தம். “சேச்சி, இது ஹாலோ பிளாக். உள்ள காலியா. போல்ட் பிடிக்கில்ல. மேசமேல ஸ்டாண்டில வெச்சா மதி, அது போதும்,” என்று முடித்துவிட்டார். வெயிட் தாங்காமல் விழுந்தால் தன்னைச் சொல்லக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. தலையாட்டினேன்.

“ஆபீஸ்ல கையெழுத்துப் போடுற மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டாதீங்க கொழுந்தனாரே,” என்றாள் மதினி. பிறகு மெக்கானிக்கிடம், “அங்கெல்லாம் தட்டாதீங்க. நான் காட்டுற எடத்துல தட்டுங்க,” என்றாள்.

ஜன்னல் சட்டத்திலிருந்து சாண் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த இடத்தில் சுவரோடு நெஞ்சு படும்படி நெருங்கி நின்று, தாடையைச் சுவரில் வைத்தாள். தாடை பட்ட இடத்தில் விரலால் தொட்டு, “இங்க,” என்றாள். மெக்கானிக் அவள் விரலுக்கு மேலேயும் அருகிலும் தட்டினார்.

டொப்.

இன்னொரு முறை தட்டினார். டொப்.

நாற்காலியில் இருந்த அண்ணன், “என்ன சொல்லுது?” என்று உரக்கக் கேட்டான், சுவர் ஏதோ பதில் சொல்ல வேண்டியது போல. மதினியின் முகத்தைப் பார்த்தேன். ஆணியைப் பிடுங்கிய அன்று இருந்த அதே முகம். முப்பத்தெட்டு வருஷம் ஒரு முகம் எங்கே போய் ஒளிந்திருக்கும்? போவதில்லை, தோலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. போதும் மதினி, மேசைமேலேயே வைத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். பளபளக்கும் டைல்ஸ். நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அடக் கூறு கெட்டவளே! அப்ப டைல்ஸ் இல்லையே! தரை ஒசந்துருச்சு தம்பி, நான்தான் ஒசரல.”

விரல் பட்ட இடத்துக்குக் கீழே நான்கு விரல் வைத்து இறக்கினாள். “இப்ப தட்டுங்க.”

திண்.

மெக்கானிக் நிமிர்ந்தார். வலப்பக்கம் தட்டினார், திண். இடப்பக்கம், திண். பென்சிலை எடுத்து, சத்தம் மாறும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தார். காலிச் சுவரின் நடுவே, பிராக்கெட்டைத் தாராளமாகத் தாங்கும் அகலத்தில், ஒரு நீள்சதுரம் சுவரின் மேல் எழுந்து வந்தது. “இது ஆரு செய்தது?” என்றார்.

“நான்தான்.”

சுவர் எழும்பிய வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் தேவிகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்து சித்தாள் வேலை பார்த்திருக்கிறாள். சுவர் இடுப்புயரம் தாண்டியதும் கொத்தனாரை நிறுத்தி, சாணாலும் தன் தாடை உயரத்தாலும் இடம் குறித்து, இந்த வரிசையில் நாலு கல், மேல் வரிசையில் நாலு கல், எட்டுக் கல்லின் ஓட்டையையும் கான்கிரீட் போட்டு ரொப்ப வேண்டும் என்றிருக்கிறாள். எதற்கென்று கேட்டதற்கு, “கேக்காம ரொப்பு,” என்றாளாம். அவர் சலித்துக்கொண்டு ஒதுங்க, தானே கலவையை வாளியில் அள்ளி வந்து ஊற்றி, காற்றுப் போகக் கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியால் குத்திக் குத்தி இறுக்கியிருக்கிறாள். அப்போது கூரை கிடையாது, கதவு கிடையாது, கரண்டு கிடையாது. இல்லாத டிவிக்கு ஒரு தோள் கட்டிவைத்துவிட்டு, மறுநாள் காலை கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அதன்மேல் பூச்சு ஏறி, பெயின்ட் ஏறி, எல்லாம் ஒரே நீலமாகிவிட்டது. அண்ணனுக்குக்கூடத் தெரியாது. “சொன்னா சிரிப்பீங்க. மாட்டினப்பறம் சிரிச்சுக்கங்க,” என்றாள்.

நான் கவிதை எழுதுகிறவன். ஒரு வரி எழுதுவதற்குள் பத்து வரி அடிப்பவன். யாரும் பார்க்காத இடத்தில், பின்னால் வரப்போகிற ஒரு பாரத்துக்காக, முன்கூட்டியே இப்படி ஒரு வரியை நான் நிறைத்து வைத்ததுண்டா? யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. எங்கள் குடும்பத்தில் கட்டத் தெரிந்தவள் ஒருத்திதான்.

டிரில்லர் உறுமியது. சுவர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மெக்கானிக்குக்கு வியர்த்தது, அதைப் பார்க்கப் பார்க்க மதினியின் முகம் மலர்ந்தது. நான்கு துளைகள், நான்கு போல்ட்டுகள். பிராக்கெட் ஏறியதும் மெக்கானிக் அதில் தன் இரு கைகளையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. “சேச்சி, இதில என்னையும் சேர்த்து மாட்டலாம்,” என்றார். டிவி ஏறியது. கரண்டு வந்தது. வெளியே ஏலத்தோட்டத்தில் பனி இறங்கிக்கொண்டிருக்க, உள்ளே நீலச் சுவரில் ஒரு கடல் அலையடித்தது. அண்ணன் கையைக் காதுக்குக் குடை பிடித்தான். மதினி ரிமோட்டை அவன் கையில் வைத்து, “கூட்டி வைங்க. இன்னும் கூட்டி வைங்க. அந்தப் பக்கம் யாரு இருக்கா?” என்றாள். அவன் கூட்டினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாரும் கதை சொல்லாமலே அவன் ஒரு வேடிக்கைக்குச் சிரித்தான். மதினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரையை அல்ல, அவனை.

மெக்கானிக் சாமான்களைப் பைக்குள் போடும்போது, “அந்தச் சுத்தியல ஒரு நிமிசம் குடுங்க,” என்றாள். சமையலறைக்குப் போய் ஒரு கடுகு டப்பாவோடு வந்தாள். அதற்குள்ளிருந்த எண்ணெய்த் துணியைப் பிரித்தாள். மூன்று அங்குலம். தலை கொஞ்சம் நசுங்கியது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. டிவிக்கு ஒரு கை தள்ளி, கல்லும் கல்லும் சேரும் கலவைக் கோட்டைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, அதில் வைத்து அடித்தாள். நிதானமாக, நான்கு அடி. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன், ஐம்பத்து நான்கு வயதில், பதினாறு வயதுக்காரன் ஓடியது போல. சுவரின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். ஈரமும் பனியும் தவிர அங்கே ஒன்றுமில்லை.

“அந்தப் பக்கம் வந்துருக்கா?” உள்ளேயிருந்து டிவிச் சத்தத்தை மீறி அவள் குரல் வந்தது.

“வரல மதினி!”

உள்ளே வந்து, அதில் எதை மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். காலண்டரா, அண்ணனின் சட்டையா?

“எதையும் மாட்டல. அது பாட்டுக்கு நிக்கட்டும்.”

இப்போதும் அங்கே போகும்போதெல்லாம் என் கண் முதலில் டிவிக்குப் போவதில்லை. அதன் வெளிச்சத்தில் ஒரு சின்ன நிழலைப் போட்டுக்கொண்டு அந்த ஆணி நிற்கிறது. இன்றுவரை அதில் ஒன்றும் தொங்கவில்லை.