கூட வந்த கண்ணாடிக்காரி

சின்னவள் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. பழகியிருந்தால் அளவோடு சொல்லியிருப்பாள்.

கடல் தாண்டிப் போய், சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற படிப்பைப் படித்து முடித்திருந்தாள். ஊரில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லிவிட்டது. வேலையில் சேருவதற்கும் விசா முடிவதற்கும் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த ஒரே விசாவை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து நாடுகளுக்கெல்லாம் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம். எல்லையில் நிறுத்தி ஏன், எதற்கு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. படித்த காலம் முழுக்க அவள் பார்த்தது விடுதி அறை, ஆய்வுக்கூடம், மாலையில் பாத்திரம் கழுவிய ஓட்டலின் பின்கட்டு, அவ்வளவுதான். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, யார் வேகத்துக்கும் ஈடுகொடுக்காமல் தன் வேகத்துக்குச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலை. நாளெல்லாம் இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. போனிலும் அதே தொண்டைதான்.

"தனியாவா? காலை ஒடிச்சிடுவேன், ஜாக்கிரதை!"

"தனியா இல்லம்மா. கூட ஒருத்தி வர்றா."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது, வந்த வேகத்தில் வெளியே போய்விட்டது.

"யாருடி அவ?"

"என் கிளாஸ்தான். நம்ம பாஷைதான்."

"எப்படி இருப்பா?"

எப்படி இருப்பாள் என்று சின்னவளுக்கு மட்டும் என்ன தெரியும்? "கண்ணாடி போட்டிருப்பா," என்றாள். கேட்டதற்கு ஒரு பெயரும் சொன்னாள். அம்மாவுக்குப் பெயர்கள் தங்காது. அவள் கணக்கில் ஆஸ்பத்திரி மேலாளர் வழுக்கை, எதிர்வீட்டுக்காரர் இருமல், பால் போடுகிறவன் லேட்டு. அப்படியே இவளும் அன்றைக்கே கண்ணாடிக்காரி ஆனாள். மறுநாள் யோசித்துப் பார்த்தால் சின்னவளுக்கும் தான் சொன்ன பெயர் மறந்துபோயிருந்தது. நல்லதாகப் போயிற்று.

"அப்பா அம்மா என்ன பண்றாங்க?"

"அப்பா இல்ல. அம்மா மட்டும்தான்."

"அடப்பாவமே, நம்மள மாதிரியா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "சரி, பத்திரமா போயிட்டு வாங்க ரெண்டு பேரும். ஒருத்தரை விட்டு ஒருத்தர் நகரக் கூடாது, ஆமா."

இப்படித்தான் சின்னவள் தனியாகக் கிளம்பினாள்.

ஊர் ஊராகச் சுற்றினாள். தங்கியதெல்லாம் மலிவான விடுதிகள். ஒரே அறையில் மேலும் கீழுமாக இரட்டைக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு திரை, தலைமாட்டில் போன் சார்ஜ் போட ஒரு துளை, பையைப் பூட்டிவைக்க ஒரு தகரப் பெட்டி. பொதுச் சமையலறையின் ஃபிரிட்ஜில் ஆளாளுக்குத் தங்கள் பாலிலும் ரொட்டியிலும் சீட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். சீட்டு ஒட்டியும் திருடு போகும். யார் வாய்க்குள் போயிற்று என்று கண்டுபிடிப்பதற்குள் திருடியவர் அடுத்த ஊருக்கு ரயிலேறியிருப்பார்.

ஊருக்கு ஊர் எல்லோரும் கோட்டையையும் கோபுரத்தையும் பார்க்க மேலே ஏறிக்கொண்டிருக்க, சின்னவள் ஆற்றோரமாகக் கீழே இறங்கிப் போவாள். ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து எந்த இடத்தில் ஆற்றில் விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. அந்தக் குழாய் வாயைக் கண்டுபிடித்து, தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, ஒரு முறை மூச்சை இழுத்து முகர்ந்துவிட்டுத்தான் திரும்புவாள். இந்தக் கிறுக்குக்குக் கூட வர யாருக்குத் தலையெழுத்து? தனியாகப் போனதால்தான் இது நடந்தது. தவறான ஸ்டேஷனில் இறங்கி, இறங்கியதுதான் இறங்கினோம் என்று அங்கேயே ஒரு நாள் தங்கினாள். மழை பெய்தால் பகலெல்லாம் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினாள். சந்தோஷமாக இருந்தாள். அதில் சந்தேகமே இல்லை.

சாயங்காலமானால் வீட்டிலிருந்து வீடியோவில் அழைப்பு வந்துவிடும்.

"கண்ணாடி எங்க?"

"குளிக்கப் போயிருக்காம்மா."

கண்ணாடிக்காரி குளித்த குளியல் கொஞ்சநஞ்சமல்ல. குளிக்காத நேரத்தில் கடைக்குப் போயிருப்பாள், இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டிருப்பாள். போட்டோவில் ஏன் அவள் இல்லை என்றால், போட்டோ எடுப்பதே அவள்தானே? (எடுத்தவர்கள் வழிப்போக்கர்கள்.) அவளை ஒரு படம் எடுத்து அனுப்பு என்றால், அவளுக்குக் கூச்சம். கூச்சம் என்றதும் அம்மாவுக்கு அவள்மேல் மதிப்பு ஒரு படி ஏறியது.

அம்மா கவலைப்படுவாள் என்று தோன்றிய எல்லாவற்றையும் சின்னவள் கண்ணாடிக்காரியின் தலையில் கட்டினாள். செருப்பு பிய்ந்து நடுத்தெருவில் நின்றது கண்ணாடிக்காரி. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதும், ரயிலில் குடையை மறந்ததும் அவளே. அத்தனையிலும் அவள் முகம் சுளிக்கவில்லை, சிரித்தாள் என்றும் சேர்த்துச் சொன்னாள். அது பொய்யில்லை. சிரித்தது இவள்தானே.

துறைமுகம் உள்ள ஒரு ஊரில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, எழுந்தால் அறை சுற்றுகிற காய்ச்சல். மேல் கட்டிலில் கிடந்தாள். அழைப்பு வந்தபோது குரலை ஒருவழியாகத் தேற்றிக்கொண்டு, கேமராவை அணைத்துவிட்டு, "கண்ணாடிக்குக் காய்ச்சல்மா," என்றாள்.

"ஐயையோ! மேல் கட்டில்லயா படுத்திருக்கா? மயக்கத்துல உருண்டு விழுந்தா? மொதல்ல கீழ மாத்து. தண்ணி பக்கத்துலயே இருக்கட்டும். தலகாணி உறையை மாத்திவிடு, வேர்வையில ஊறிப்போயிருக்கும். நீ எங்கயும் ஊர் சுத்தப் போகாத, அவகூடவே இரு."

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மேசைவரை போய்க் கீழ்க்கட்டில் கேட்டு வாங்கினாள். தண்ணீர் பிடித்துவைத்தாள். உறையை மாற்றினாள். மூன்று நாள் அம்மா போனில் வைத்தியம் பார்த்தாள். எந்தப் பெண்ணுக்கோ பார்ப்பதாக நினைத்து, தன் பெண்ணுக்கே பார்த்தாள். போனை வைத்த பிறகு ஒரு தடவை சின்னவளுக்கு வீட்டு ஞாபகம் தாங்கவில்லை.

அந்த மூன்று நாளில்தான் அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று எண்ணெய் போடுவதும் கம்பிவடத்தைச் சோதிப்பதும் வேலை. அப்படி ஒரு வடம் உருளையில் ஓடியபோது இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அம்மா அவனுக்குப் பெண் தேடி ஏறி இறங்காத வீடில்லை. போன இடத்தில் எல்லாம் நன்றாகத்தான் போகும், அவன் தண்ணீர் டம்ளரை இடது கையால் வாங்குகிறவரை. யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். யோசிக்கிறவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவனும் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். தங்கை பேசும்போது கேமராவுக்குள் வந்து கையை ஆட்டிவிட்டுப் போவான், அதோடு சரி. இப்போது அம்மாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு, பாப்பா?"

"பரவால்லண்ணா. எழுந்து உக்காந்துட்டா."

"ம். வெயிட் எதையும் தூக்க விடாத."

காய்ச்சல் விட்டு அடுத்த ஊருக்குப் போன பிறகு அம்மா ஒருநாள் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். "நம்ம பெரியவனோட கையைப் பத்தி அவகிட்ட என்னிக்காவது சொல்லிருக்கியா?"

"சொல்லிருக்கேன்."

"என்ன சொன்னா?"

திரையின் ஓரத்தில் அண்ணனின் சட்டை மட்டும் தெரிந்தது. நகராமல் நின்றது. சின்னவளுக்கு அந்தச் சட்டையைப் பார்க்கப் பார்க்க என்னவோ செய்தது.

"'அதுல என்ன இருக்கு'ன்னா."

தன் மனசில் இருந்ததைத்தான் சொன்னாள். ஆனால் வேறொருத்தியின் வாயில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

மூன்று நாள் கழித்து அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். "இங்க பாரு, குதிக்காத. அந்தக் கண்ணாடிப் பொண்ணை நம்ம பெரியவனுக்குக் கேட்டா என்ன? படிச்ச பொண்ணு, பொறுமைசாலி, தகப்பன் இல்லாத கஷ்டம் தெரிஞ்சவ. நீ ஒரு வார்த்தை பேசிப் பாரேன். உங்கண்ணனைக் கேட்டேன். வேணாம்னு சொல்லலடி! சாயங்காலமே போய் முடி வெட்டிட்டு வந்துட்டான். நேத்து பாட்டு முணுமுணுத்துட்டே குளிக்கறான். எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

சின்னவள் போனை வைத்தாள். பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள், ஆற்றுப்பக்கம்கூடப் போகவில்லை. கண்ணாடிக்கு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மா நம்புவாள். அண்ணன் நம்ப மாட்டான். வழக்கம்போலக் கைதான் காரணம் என்று முடிவுகட்டிவிடுவான். 'அதுல என்ன இருக்கு' என்று கேட்ட ஒருத்தியும் கடைசியில் யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டாள் என்றால் அவன் இனி ஒருத்தர் சொல்லையும் நம்ப மாட்டான். விளையாட்டு எங்கே வந்து நிற்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அண்ணனின் சாப்பாட்டு நேரம் பார்த்து அவனைக் கூப்பிட்டாள். ஏதோ கட்டடத்தின் மேல்தள மோட்டார் அறையில் இருந்தான். பின்னால் இயந்திரம் உறுமி நின்றது.

"அண்ணா, கண்ணாடிக்காரின்னு யாரும் இல்ல."

"இல்லன்னா? ஊருக்குப் போயிட்டாளா?"

"அப்படி ஒருத்தியே கெடையாதுண்ணா. அம்மா விட மாட்டாங்கன்னு நானா சொன்னது."

லிஃப்ட் ஒன்று ஏறுகிற சத்தம் கேட்டது, இறங்குகிற சத்தம் கேட்டது.

"அப்ப, 'அதுல என்ன'ன்னு கேட்டது?"

"நான்தான்ணா."

"ம்."

அவள் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் சட்டென்று கேட்டான். "இரு, இரு. காய்ச்சல் யாருக்கு?"

"எனக்குத்தான்."

"மூணு நாளும் தனியாவா கெடந்த?"

"கீழ்க்கட்டிலுக்கு மாறிட்டேன். அம்மா சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணேன்."

"அறிவிருக்கா உனக்கு? ஏதாவது ஆயிருந்தா? எங்களுக்கு யாரு சொல்லிருப்பா? அந்த இல்லாதவளா?" அவன் இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. கத்திவிட்டு மூச்சு வாங்கினான். பிறகு வழக்கமான குரலில், "அம்மாகிட்ட எதையும் ஒளறி வெக்காத," என்றான். "நீ தனியா காய்ச்சல்ல கெடந்தேன்னு தெரிஞ்சா அவங்களுக்கு இந்த ஜென்மத்துல தூக்கம் வராது. நான் பாத்துக்கறேன்."

"என்னண்ணா சொல்லுவ?"

"பிடிக்கலன்னு சொல்றேன்." கொஞ்சம் சிரித்தமாதிரி இருந்தது. "எல்லாரும் சொல்றாங்க, ஒரு தடவை நானும் சொல்லிப் பாக்கறேனே. எப்படித்தான் இருக்குன்னு." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வேளைக்குச் சாப்பிடு," என்று வைத்துவிட்டான்.

அடுத்த நாள் சின்னவள் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்றில் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். கடையில் வேறு ஆளில்லை. அம்மா கூப்பிட்டாள், கேமரா இல்லாமல்.

"வேணாங்கறான்டி உங்கண்ணன்."

"ஏம்மா?"

"பிடிக்கலையாம். மகாராஜா சொல்லிட்டார். அவன் வாயிலேருந்து இப்படி வரும்னு நான் கனவுலகூட நெனைக்கல. திட்டவும் மனசு வரல, போ." அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அது கெடக்கட்டும். நீ அந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது ஆசை காட்டி வெச்சிட்டியா?"

"இல்லம்மா."

"உன் கொரலே சரியில்ல. சொல்லித்தான் வெச்சிருப்ப, எனக்குத் தெரியாதா உன்னை? பக்கத்துல இருக்காளா?"

சின்னவள் பலகையில் தன் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தாள். "இருக்காம்மா."

"அப்ப நான் சொல்றதைக் கேளு. மெசேஜ் கிசேஜ்லாம் அனுப்பாத. உக்கார வெச்சு, நேருக்கு நேரா, நிதானமா சொல்லு. யோசிச்சுச் சொல்றோம்னு மட்டும் இழுக்காத, அது பெரிய பாவம். உன் மேல ஒரு குறையும் இல்லன்னு சொல்லு. நமக்கு அந்த ஒரு வார்த்தையை இதுவரைக்கும் எவளும் சொன்னதில்ல." அம்மாவின் குரல் இரண்டாம் தடவையாக இறங்கியது. "தகப்பன் இல்லாத பொண்ணு. அழுதான்னா எழுந்து போயிடாத. அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே இரு."

"சரிம்மா."

போனை வைத்தாள். இயந்திரத்துக்குள் அவள் துணிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. பாட்டை நிறுத்தியிருக்கும் அண்ணனையும், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக மூக்கை உறிஞ்சிய அம்மாவையும் நினைத்து அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா சொன்னபடி எழுந்து போகாமல், அழுது முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.